லட்லோவை நடந்து பார்ப்பது எப்படி: சந்தை ஊர் ஒன்றுக்கு ஒரு நாள் வழிகாட்டி

லட்லோவுக்கு முதல் தடவை போனபோது நான் செய்த தப்பு, ரயிலை விட்டு இறங்கியதும் நேரே கோட்டைக்குப் போனது. டிக்கெட் வாங்கி உள்ளே இரண்டு மணி நேரம் சுற்றினேன், வெளியே வந்து ஒரு காபி, அடுத்த ரயிலில் வீடு. ஊரைப் பார்க்கவே இல்லை. நாலைந்து முறை போன பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த ஊருக்குள் கீழிருந்து ஏறி வர வேண்டும், மறுபடி ஆற்றுக்கு இறங்க வேண்டும், எதிர்க்கரை மேட்டில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த வரிசையில் நடந்தால் கோட்டை, சந்தை, கோயில், வாசல், பாலம் எல்லாம் எதற்காக அந்தந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பது தானாக விளங்கும். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது லட்லோ. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் சின்ன ஊர். பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் ஐந்நூறுக்கு அருகில். சுற்றுப்பாதை மொத்தம் நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் கோட்டையையும் தேவாலயத்தையும் நிதானமாகப் பார்த்தால் ஆறு மணி நேரம் போய்விடும்.

கிளம்பும் முன்

நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் கோட்டைக்கு எதிரே உள்ள திடலில் சந்தை கூடும். சந்தை ஊருக்குச் சந்தை இல்லாத நாளில் போவது, கல்யாண மண்டபத்துக்கு மறுநாள் போவது மாதிரி. வெள்ளிக்கிழமை என் விருப்பம். சனிக்கிழமை கூட்டம் அதிகம்.

ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மான்செஸ்டரிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் நேரடி ரயில் உண்டு. லண்டனிலிருந்து வருபவர்கள் க்ரூவிலோ நியூபோர்ட்டிலோ மாற வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். லண்டனிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். முடியும், ஆனால் அலுப்புதான் மிஞ்சும். ஓர் இரவு தங்குங்கள்.

காலணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆற்றங்கரைப் பாதை அக்டோபர் முதல் மார்ச் வரை ஈர இலையும் சேறுமாகக் கிடக்கும். அடியில் பிடிமானம் உள்ள ஷூ போதும், மலையேறும் பூட்ஸ் தேவையில்லை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜூன் மாதமானால் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம்.

ஊருக்குள் சுற்ற போன் வரைபடம் போதும். ஊரைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போவதென்றால் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 203 வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நாலு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சைப் புள்ளிக்கோடுகளாகத் தெரிபவை பொதுநடைபாதைகள். அவை தனியார் நிலத்தின் நடுவே போனாலும் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. தரையில் அவற்றுக்கு அடையாளம், கம்பத்தில் அடித்திருக்கும் மஞ்சள் அம்பு. நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் அனுமதி உள்ள பாதை. வழியில் வரும் வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நன்றாக ஒதுங்கிப் போக வேண்டும். நம்மூர் மாடுகளோடு வளர்ந்த தைரியத்தை இங்கே காட்டாதீர்கள்.

முதல் கட்டம்: நிலையத்திலிருந்து புல் ரிங் வரை

நிலையத்தை விட்டு வெளியே வந்து, சாலை கார்வ் ஸ்ட்ரீட்டைத் தொடும் இடத்தில் இடப்பக்கம் திரும்பி மேட்டில் ஏறுங்கள். வலப்பக்கம் இறங்கினால் கார்வ் ஆறு வரும். தோல் பதனிடுபவர்கள் ஒரு காலத்தில் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். தண்ணீரும் வேண்டும், நாற்றமும் ஊருக்குள் வரக்கூடாது என்றால் வேறு எங்கே வைப்பது?

மேடு ஏறும்போதே வீடுகளின் அகலத்தைக் கவனியுங்கள். 12ஆம் நூற்றாண்டில் இந்த ஊரைத் திட்டமிட்டு மனை பிரித்தபோது, தெருப்பக்கம் குறுகலாகவும் பின்னால் நீளமாகவும் பிரித்தார்கள். சில தெருக்களில் 33 அடி என்பதுதான் அளவு. கடை வைக்கத் தெருவோர இடம்தான் பணம். அதனால் எல்லோருக்கும் கொஞ்சம் முகப்பு, பின்புறம் தோட்டம், தொழுவம், பட்டறை. எண்ணூறு வருஷமாகியும் அந்தக் கோடுகள் பல இடங்களில் அழியவில்லை. ஒரு வீட்டு முகப்பைக் காலடியால் அளந்து பாருங்கள். பத்து மீட்டரோ, அதில் சரிபாதியோ வந்தால் அது பழைய மனையின் கணக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

மேட்டின் உச்சிதான் புல் ரிங் என்ற தெரு. அங்கே இடப்பக்கம் ஃபெதர்ஸ் ஹோட்டல். மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, இடையில் வெள்ளைச் சுவரெழுப்பிய வீடு. ரீஸ் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர் 1619இல் கட்டிக்கொண்டது. பிற்பாடுதான் விடுதியாயிற்று. இவ்வளவு சின்ன ஊரில் ஒரு வக்கீலுக்கு இப்படியொரு வீடா என்று கேட்டால், பதில் கோட்டையில் இருக்கிறது. வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் நிர்வகித்த மன்றம் லட்லோ கோட்டையில்தான் கூடியது. வழக்கு நடத்த வேல்ஸின் மூலைமுடுக்கிலிருந்து எல்லாம் ஆள் வந்தார்கள். வாய்தா வாங்கிக் காத்திருந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், வாதாட ஆள் வேண்டும். ஊரின் செழிப்பில் பாதி கம்பளித் துணியால் வந்தது என்றால் மீதிப் பாதி வழக்கால் வந்தது. 1689இல் மன்றத்தைக் கலைத்தார்கள். அதன் பிறகு கோட்டைக் கூரையின் ஈயத்தகடுகூடத் தங்கவில்லை.

இன்னொன்று. கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர் என்ற இந்தப் பளிச்சென்ற ஜோடி பெரும்பாலும் விக்டோரியா காலத்து ரசனை. அதற்கு முன் மரத்தைப் பெரும்பாலும் அதன் போக்கில் வெளிற விட்டுவிடுவார்கள். போட்டோ எடுக்கும்போது இது ஞாபகம் இருந்தால் நல்லது.

இரண்டாம் கட்டம்: சந்தை விழுங்கிய தெருக்கள்

புல் ரிங்கிலிருந்து கிங் ஸ்ட்ரீட் வழியாக மேற்கே போங்கள். இங்கே தெருக்கள் திடீரென்று குறுகி, மூன்று நான்கு சந்துகளாகப் பிரியும். லட்லோவில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இங்கே எந்த ஒற்றைக் கட்டடமும் பிரமாதமில்லை. ஆனால் ஆரம்பத்தில் கோட்டை வாசலிலிருந்து புல் ரிங் வரை ஒரே அகலச் சந்தைத் தெரு. அதில் வியாபாரிகள் காலையில் பலகை போட்டு மாலையில் எடுத்துப் போனார்கள். பிறகு பலகையை எடுக்காமல் விட்டார்கள். மேலே பந்தல் வந்தது, பந்தல் கடையானது, கடைக்கு மேல் மாடி ஏறியது. கடைசியில் நடுத்தெருவில் கட்டடங்கள் வரிசையாக நின்றுவிட்டன, மிச்சமிருந்த இடைவெளிகளே இன்றைய சந்துகள். ஆக்கிரமிப்பு என்று நாம் திட்டுகிற அதே சங்கதி, முந்நூறு நானூறு வருஷம் தாக்குப்பிடித்தால் பாரம்பரியச் சின்னம் ஆகிவிடும்.

இந்தச் சந்துகளில் நடக்கும்போது கண்ணை முதல் மாடிக்கு மேலே வையுங்கள். கீழே கண்ணாடி போட்ட கடை, மேலே தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரமாடி. முன்பக்கம் ஒழுங்கான செங்கல் முகப்பு, பக்கச் சந்துக்குள் எட்டிப் பார்த்தால் கோணல்மாணலாக மரச்சட்டம். 18ஆம் நூற்றாண்டில் பழைய வீட்டை இடிக்கக் காசில்லாதவர்களும் காலத்துக்கேற்ற முகம் வேண்டும் என்று நினைத்தார்கள். முன்சுவரை மட்டும் புதிதாகக் கட்டி ஒட்டிவிட்டார்கள்.

கிங் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில் தூண்கள் மேல் நிற்கிறது பட்டர்கிராஸ். 1743இல் தொடங்கி மூன்றாண்டுகளில் வில்லியம் பேக்கர் கட்டி முடித்தார். கீழே நிழலில் வெண்ணெய்ச் சந்தை, மேலே கூடம். இப்போது மாடியில் சின்ன அருங்காட்சியகம் நடக்கிறது. வாரத்தில் சில நாட்கள்தான் திறப்பார்கள், எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

மூன்றாம் கட்டம்: செயின்ட் லாரன்ஸ்

பட்டர்கிராஸுக்குப் பின்புறச் சந்தில் நுழைந்தால் செயின்ட் லாரன்ஸ் தேவாலயம். சுற்றிலும் கட்டடங்கள் நெருக்கி நிற்பதால் வாசலுக்கு வரும்வரை இவ்வளவு பெரியது என்று தெரியாது. 135 அடிக் கோபுரத்துக்குச் சுமார் 200 படிகள், சுருள்படி, குறுகல். முட்டி வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம், இதைவிட நல்ல காட்சி ஆற்றுக்கு அக்கரையில் இலவசமாகக் கிடைக்கும்.

நேரத்தைப் பாடகர் இருக்கைகளுக்குக் கொடுங்கள். மணிக்கணக்கில் நின்று பிரார்த்தனை சொல்ல வேண்டிய குருமார், நிற்பதுபோலவே சாய்ந்துகொள்ள வசதியாக, மடக்கு இருக்கையின் அடியில் ஒரு சிறு பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகையின் கீழே 15ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் மனம் போனபடி செதுக்கியிருக்கிறார்கள். 28 இருக்கைகள். தேட வேண்டியது கள்ளுக்கடைக்காரியை. அளவு குறைத்து ஊற்றியவள் அவள். ஒரு பூதம் அவளைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு நரகத்தின் வாய்க்குத் தூக்கிப் போகிறது. உடம்பில் துணியில்லை, தலையில் பகட்டான முக்காடு மட்டும் கழலவில்லை. கையில் அந்தக் குவளை. ஒரு பூதம் அவள் பாவக்கணக்கை ஏட்டைப் பார்த்து வாசிக்கிறது, இன்னொன்று பைக்குழல் ஊதுகிறது. சந்தை ஊரில் எது மன்னிக்க முடியாத குற்றம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

கிழக்குப் பக்கச் சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடியில் யாத்ரிகர் சங்கத்தின் கதை இருக்கிறது. பிச்சைக்காரனுக்கு அரசர் எட்வர்ட் கொடுத்த மோதிரத்தை, புனித பூமியில் லட்லோ யாத்ரிகர்கள் கையில் புனித யோவான் திருப்பித் தருகிற கதை. ஊரின் பணக்கார வியாபாரிகள் கூடி நடத்திய சங்கம் அது. தங்கள் ஊர்க்காரர்களையே புராணத்தில் சேர்த்துவிட்டார்கள்.

நான்காம் கட்டம்: சந்தைத் திடலும் கோட்டையும்

திடலில் முதலில் சாப்பாட்டு வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பப்களில் மதியச் சமையல் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மணிக்கு நின்றுவிடும். ஒருமுறை இரண்டே முக்காலுக்குப் போய், சிப்ஸ் பாக்கெட்டோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். சந்தையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஃபிட்ஜெட் பை என்று உள்ளூர்ப் பலகாரம் ஒன்று உண்டு. ஆப்பிளும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் என்று நம்பிச் சைவர்கள் வாங்கிவிட வேண்டாம், உள்ளே பன்றியிறைச்சி.

கோட்டை வாசலில் நிற்கும் பீரங்கி கிரிமியப் போரில் செவஸ்தபோலில் பிடித்தது, கோட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோட்டையை 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி லேசி குடும்பத்தார் தொடங்கினார்கள். உள்முற்றத்தில் தனியாக நிற்கும் வட்டவடிவச் சிற்றாலயத்தை முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் வட்டத் தேவாலயங்கள் அபூர்வம். வாசல் வளைவில் பல்பல்லாகச் செதுக்கிய நார்மன் வேலைப்பாடு இன்னும் கூர்மையாக இருக்கிறது.

இங்கிலாந்தின் வரலாறு இரண்டு தடவை இந்த முற்றத்தில் திசைமாறியது. 1483இல் அப்பா இறந்த செய்தி 12 வயது ஐந்தாம் எட்வர்டுக்கு வந்தது இங்கேதான். முடிசூட லண்டனுக்குக் கிளம்பிய பையன் முடிசூடாமலே கோபுரச் சிறையில் காணாமல் போனான். 1502 ஏப்ரலில் இளவரசர் ஆர்தர் 15 வயதில், கல்யாணமாகி ஐந்தாம் மாதத்தில், இங்கே இறந்தார். மனைவி கேத்தரின், பிற்பாடு ஆர்தரின் தம்பி எட்டாம் ஹென்றியை மணந்தார். அந்த மணத்தை ரத்து செய்யும் சண்டையில்தான் இங்கிலாந்து ரோமிலிருந்து பிரிந்தது.

நம்மைத் தொடும் செய்தி அறிவிப்புப் பலகைகளைத் தாண்டி இருக்கிறது. 1811இல் அரசிடமிருந்து இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியவர் போவிஸ் பிரபு எட்வர்ட் கிளைவ். ராபர்ட் கிளைவின் மூத்த மகன். லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினராக 1774 முதல் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு, 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநராக இருந்தவர். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799, மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட 1801, கர்நாடக நவாபின் ஆட்சி கும்பெனி கைக்குப் போன அதே 1801 எல்லாம் அவர் காலம். அவர் மனைவி ஹென்றியெட்டா 1800இல் மகள்களோடு மைசூர், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றி வந்தார். திப்புவின் பொருட்கள் சில வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தன. லட்லோ கோட்டை இன்றும் அந்தக் குடும்பத்தின் சொத்துதான். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமான காலத்தில் மேலிருந்து உத்தரவிட்ட மனிதர், பத்து வருஷம் கழித்து இங்கே ஓர் இடிந்த கோட்டையைக் காப்பாற்ற விலை கொடுத்திருக்கிறார். உள்முற்றத்துப் புல்தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது இது ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் எனக்குக் கை ஓடவில்லை.

ஐந்தாம் கட்டம்: பிராட் ஸ்ட்ரீட் வழியாக ஆற்றுக்கு

பட்டர்கிராஸுக்குத் திரும்பி வந்து தெற்கே பிராட் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். மேலே பெரிய மனிதர்களின் செங்கல் வீடுகள், நல்ல அகலம், நிதானமான சரிவு. அடியில் தெருவையே அடைத்துக்கொண்டு நிற்பது பிராட் கேட். ஊர்மதிலின் ஏழு வாசல்களில் முழுசாக மிஞ்சியது இது ஒன்றுதான். 13ஆம் நூற்றாண்டு வாசலின் தலைமேல் 18ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

வாசலுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனதும் திரும்பிப் பாருங்கள். மதிலுக்கு வெளியே உள்ள தெரு அதே தெருதான், பெயர் மட்டும் லோயர் பிராட் ஸ்ட்ரீட். வீடுகள் சட்டென்று சின்னதாகிவிடும். துணி வேலைக்காரர்களும், பிற்பாடு கையுறை தைத்தவர்களும் இருந்த பகுதி.

தெரு முடிவில் டீம் ஆறு, அதன் மேல் லட்ஃபர்ட் பாலம். நடைபாதை குறுகலானது. தூண்களுக்கு மேலே ஒதுங்கி நிற்க முக்கோண இடம் விட்டிருப்பார்கள், அங்கே நின்று பாருங்கள்.

பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரியும் மூலையில் ஒரு பாறைச்சுவர். எல்லோரும் கவனிக்காமல் போய்விடுவார்கள். அதில் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் வரிசையாக உள்வாங்கியிருக்கும், யாரோ கரண்டியால் சுரண்டியதுபோல. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஒரு வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்த மீன்செதில்களும் முட்களும் நிறைந்த எலும்புப்படுகை அது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆய்வாளர்களும் சேகரிப்பவர்களும் நோண்டி நோண்டித்தான் அந்தப் பள்ளம். நிலவியலாளர் ராடரிக் மர்ச்சிசன் இந்த எல்லைப் பகுதிப் பாறைகளை வைத்துத்தான் சைலூரியன் என்ற நிலவியல் காலத்தை வகுத்தார். அதன் ஒரு பகுதிக்கு உலகம் முழுக்க இன்றும் லட்லோ என்றே பெயர். இப்போது தோண்டவோ எடுக்கவோ தடை. கண்ணால் மட்டும் பாருங்கள்.

ஆறாம் கட்டம்: ரொட்டிப் பாதையும் விட்கிளிஃப் மேடும்

பாலத்தடியிலிருந்து வலப்பக்கமாக ஆற்றை ஒட்டிப் போகும் பாதைக்கு பிரெட்வாக் என்று பெயர், ரொட்டிப் பாதை. பாதை போட்ட கூலிக்காரர்கள் காசைக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று கூலியை ரொட்டியாகக் கொடுத்தார்களாம், ஊரில் சொல்வார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே தண்ணீர். ஈரமான நாளில் இங்கேதான் வழுக்கும், அவசரம் வேண்டாம். இலையுதிர் காலத்தில் நல்ல மழைக்குப் பிறகு வந்தால், சால்மன் மீன்கள் தடுப்பணைகளைத் தாண்டக் குதிப்பதைப் பார்க்கலாம். பத்து நிமிஷம் பொறுமை வேண்டும்.

நடுவழியில் இடப்பக்கம் மேலே ஏறும் பாதை ஏதாவது ஒன்றில் ஏறிவிடுங்கள். மேலே விட்கிளிஃப் பொதுநிலம். பெஞ்சுகள் இருக்கும். காலையில் ஏறி இறங்கியதெல்லாம் இங்கிருந்து ஒரே பார்வையில் கூடும். ஆறு இரண்டு பக்கம் வளைத்த மேடு, மேட்டின் செங்குத்தான முனையில் கோட்டை, அதன் முதுகில் சந்தை, நடுவில் கோபுரம், தெற்கே ஆற்றுக்கு நேராகச் சரியும் பிராட் ஸ்ட்ரீட். பின்னால் 533 மீட்டர் உயர டிட்டர்ஸ்டோன் க்ளீ குன்றும் அதன் உச்சியில் ரேடார் கூண்டும். மாலை வெயில் கோட்டையின் மேற்குச் சுவரில் விழுகிற நேரம்தான் போட்டோவுக்குச் சரி. அதனால்தான் இந்த இடத்தைக் கடைசியில் வைத்தேன்.

இறங்கி டின்ஹம் பாலத்தைக் கடந்தால் தடுப்பணை ஓரப் புல்வெளி. கோட்டைக்கு ஏறும் தெருவில் டின்ஹம் ஹவுஸ் இருக்கிறது. நெப்போலியனின் தம்பி லூசியனை 1811இல் ஆங்கிலேயர்கள் காவலில் தங்கவைத்த வீடு. அதே தெருவில் ஏறினால் மறுபடி சந்தைத் திடல், அங்கிருந்து நிலையத்துக்கு இறக்கம்தான்.

இரண்டாம் நாள் இருந்தால்

இரண்டு வழி உண்டு. கால் தெம்பாக இருந்தால் மார்ட்டிமர் டிரெயில். கோட்டையிலிருந்து கிங்டன் வரை 30 மைல். முழுசும் போகத் தேவையில்லை. மார்ட்டிமர் காட்டுக்குள் 375 மீட்டர் உயர ஹை வினால்ஸ் உச்சி வரை போய்த் திரும்பினால் அரைநாளுக்குச் சற்று மேல். இந்தக் காட்டில் உடம்பெல்லாம் நீள மயிர் வளர்ந்த ஒரு வகைப் புள்ளிமான் இருக்கிறது. காதுக்குள்ளிருந்துகூட மயிர் தொங்கும். விடிகாலையில் சத்தமில்லாமல் போனால் வாய்ப்புண்டு. நான் மூன்று தடவை போய் ஒரே ஒரு முறை பின்புறத்தைப் பார்த்தேன்.

குழந்தைகளோ பெரியவர்களோ கூட இருந்தால் இன்னொரு வழி. வடக்கே போகும் ரயிலில் ஒரே நிறுத்தம், கிரேவன் ஆர்ம்ஸ். ஏழெட்டு நிமிஷம்தான். அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் ஸ்டோக்சே. லாரன்ஸ் ஆஃப் லட்லோ என்ற கம்பளி வியாபாரி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வீடு. கோட்டை மாதிரி மதில்முடி வைத்துக்கொள்ள 1291இல் அரசரிடம் அனுமதி வாங்கினார். மூன்றே வருஷத்தில், கம்பளி ஏற்றிப் போன கப்பல் மூழ்கி இறந்தார். அவர் கட்டிய பெரிய கூடத்தின் மரக்கூரை இன்னும் அப்படியே நிற்கிறது. நடுத்தரையில் அடுப்பு மூட்டிய எண்கோண இடமும் தெரியும். கூடத்துக்குப் புகைபோக்கி வைக்காத காலம், கூரை உத்தரங்களில் கரி படிந்திருப்பதைக் கழுத்தை வளைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் குறைவு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.